கதை பாதியில் நின்றுவிட்டதே! திடீரென முடியும் மிகைபுனைவு நாவல்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அறுநூறு பக்கம் ஓடி வந்து கடைசித் தாளைத் திருப்பினால் அடுத்த பக்கம் வெறுமையாக இருக்கிறது. கோட்டை வாசலில் படை நிற்கிறது, நாயகி காயத்தோடு கிடக்கிறாள், சாபம் தீரவில்லை. அவ்வளவுதான், கதை முடிந்துவிட்டது. இப்படியொரு மிகைபுனைவு (ஃபேன்டஸி) நாவலை மூடிவைத்தவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறோம். புதிய நாவல்கள் எதன் முடிவையும் உடைக்கவில்லை. விளக்கம் தேவைப்படும் இடத்தில் நாங்களே புனைந்த ஒரு மாதிரிக் கதையை வைத்துப் பேசுகிறோம். நெடுங்காலமாகப் பலரும் படித்த சில பழைய நூல்களின் முடிவு மட்டும் ஆங்காங்கே வரும்.

என் பிரதியில் பக்கங்கள் விடுபட்டிருக்குமோ?

இருக்கலாம். ஆசிரியரைத் திட்டுவதற்கு முன் ஐந்து நிமிடம் ஒதுக்கி இதைப் பார்த்துவிடுங்கள்.

அச்சு நூல் பாரம் பாரமாகத் தயாராகிறது. ஒரு பாரம் என்பது பெரும்பாலும் 16 பக்கம். 8, 32 பக்கப் பாரங்களும் உண்டு. பைண்டிங்கில் ஒரு பாரம் விட்டுப்போனால் ஒன்றிரண்டு பக்கம் குறையாது, மொத்தமாகப் பதினாறு பக்கம் போய்விடும். சில பிரதிகளில் ஒரே பாரம் இரண்டு முறை சேர்ந்து, அடுத்தது வராமலே இருக்கும். அதனால் கடைசிப் பக்கத்தை மட்டும் பார்த்தால் போதாது. கடைசி ஐம்பது அறுபது பக்கங்களின் எண்கள் வரிசையாக ஓடுகின்றனவா என்று புரட்டிப் பாருங்கள். பிறகு பொருளடக்கத்தில் உள்ள கடைசி அத்தியாயம் உங்கள் பிரதியில் இருக்கிறதா என்று பாருங்கள். பதிப்பகத்தின் பட்டியலில் உள்ள பக்க எண்ணிக்கையையும் ஒப்பிடலாம். முன்பக்கங்களைச் சேர்த்தும் சேர்க்காமலும் எண்ணுவதால் நாலைந்து பக்க வித்தியாசம் இயல்பு. வித்தியாசம் சரியாக 16 அல்லது 32 என்றால் சந்தேகப்படுங்கள். கடைசி வாக்கியமே பாதியில் அறுந்திருந்தால் சந்தேகமே வேண்டாம், பிரதியை மாற்றிக் கேளுங்கள்.

மின்னூலில் சிக்கல் வேறு மாதிரி வரும். கருவி 91 சதவீதம் காட்டும்போதே கதை முடிந்துவிடும். இன்னும் நிறைய இருக்கிறது என்ற நினைப்போடு படித்தவருக்கு அது கன்னத்தில் அறைந்தது போல இருக்கும். மிச்சமுள்ள 9 சதவீதம் பாத்திரப் பட்டியல், சொல்விளக்கம், அடுத்த நூலின் முதல் அத்தியாயம் என்று போயிருக்கும். முடிவு திடீரென வந்ததாகச் சொல்லப்படும் புகார்களில் ஒரு பங்கு இதனால் வருவது. பொருளடக்கத்தைத் திறந்து, கதை எந்த அத்தியாயத்தோடு முடிகிறது என்று முதலிலேயே பார்த்துவைத்தால் இந்த அதிர்ச்சி இல்லை.

பிரதி சரிதான். ஆனால் “முற்றும்” என்றும் இல்லை, “தொடரும்” என்றும் இல்லை. எதை நம்புவது?

உங்கள் கையில் இருப்பது பாதி நாவலாக இருக்க வாய்ப்பு அதிகம். மிகைபுனைவில் ஒரே கதையை இரண்டு மூன்று நூலாக வெட்டி வெளியிடுவது வழக்கம். வெட்டுவதற்குக் கதையோடு தொடர்பில்லாத காரணங்களும் இருக்கும்: தாளின் விலை, பைண்டிங் தாங்கும் கனம், விற்பனை விலை.

இதற்குப் பெரிய உதாரணம் டோல்கீனின் ‘லார்ட் ஆஃப் த ரிங்ஸ்’. அவர் அதை ஒரே நாவலாகத்தான் எழுதினார். போருக்குப் பிந்தைய தாள் விலையும் நட்டம் வந்துவிடுமோ என்ற பயமும் சேர்ந்து பதிப்பகம் அதை மூன்றாக வெளியிட்டது. இரண்டாம் நூல் 1954 நவம்பரில் வந்தது. நாயகன் உயிரோடு எதிரியிடம் சிக்கிவிட்டான், தோழன் மூடிய கதவுக்கு வெளியே விழுந்து கிடக்கிறான். அந்த இடத்தில் நூல் முடிகிறது. மூன்றாம் நூல் வந்தது 1955 அக்டோபரில். பதினோரு மாதம் வாசகர்கள் அந்தக் கதவுக்கு வெளியே நின்றார்கள். இன்று மூன்றையும் சேர்த்துப் படிப்பவருக்கு அது ஓர் அத்தியாய முடிவு, அவ்வளவே.

மொழிபெயர்ப்பு நூல் என்றால் கூடுதல் கவனம் தேவை. மூலத்தில் ஒரே நூலாக இருப்பது மொழிபெயர்ப்பில் இரண்டாகப் பிரிந்திருக்கலாம். பதிப்புரிமைப் பக்கத்தில் மூல நூலின் பெயர் இருக்கும். அதன் அத்தியாய எண்ணிக்கையைத் தேடி உங்கள் பிரதியோடு ஒப்பிட்டால் ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும்.

திறந்த முடிவு, அறுந்த முடிவு: இரண்டையும் எப்படிப் பிரித்தறிவது?

இந்தப் பக்கத்தில் மிக முக்கியமான கேள்வி இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறோம்.

மாதிரிக் கதை இது. மலையுச்சிக் கோபுரத்தில் ஒரு விளக்கு. அது எரியும்வரை அடிவாரத்து ஊருக்குள் நிழல்கள் இறங்க முடியாது. எண்ணெய் தீர்ந்தால், காவலிருப்பவர் தன்னைப் பற்றி வேறொருவர் மனதில் உள்ள நினைவை எடுத்து அதில் ஊற்ற வேண்டும். ஊற்றிய பிறகு அந்த ஆளுக்கு இவரை அடையாளம் தெரியாது. காவலிருப்பவள் இளநகை. அம்மா, தோழி, ஆசிரியர் என்று ஒவ்வொருவராக அவளை மறந்துவிட்டார்கள். மிச்சம் தம்பி ஒருவன்தான். அவனையும் இழக்கத் துணிவாளா என்பதே நாவல் முழுக்க நம்மைத் துரத்தும் கேள்வி. நடுவில், 14 ஆம் அத்தியாயத்தில், ஒரு சின்ன விஷயம் வருகிறது: முந்தைய காவலாளியின் பேரன் பாட்டியை அடியோடு மறந்த பிறகும், அவள் பாடிய தாலாட்டை முணுமுணுத்துக்கொண்டு திரிகிறான்.

முதல் முடிவு: திரி கருகுகிறது. படிக்கட்டில் தம்பியின் காலடி. இளநகை அவன் பெயரைச் சொல்லிக் குடுவையைக் கவிழ்க்கிறாள். சுடர் எழுகிறது. கதவு திறக்கிறது. வாசலில் நின்றவன் வாயைத் திறந்தான். முற்றும்.

இரண்டாம் முடிவு: திரி கருகுகிறது. படிக்கட்டில் தம்பியின் காலடி. குடுவையைக் கையில் எடுக்கிறாள். அந்நேரம் எங்கிருந்தோ ஓர் அம்பு சாளரத்தைத் துளைத்துக்கொண்டு வந்தது. கோபுரம் இருண்டது. முற்றும்.

இரண்டிலும் முழுப் பதில் இல்லை. இரண்டும் ஒரே அளவு திடீரென்று நிற்கின்றன. ஆனாலும் முதலாவது திறந்த முடிவு, இரண்டாவது அறுந்த முடிவு. முதலாவதில் நாவல் கேட்ட கேள்விக்குப் பதில் வந்துவிட்டது: கொடுத்துவிட்டாள். தெரியாமல் நிற்பது அதன் விளைவு. அந்த விளைவைப் பற்றி யோசிக்கவும் தாலாட்டு என்ற பிடி நம் கையில் இருக்கிறது. தம்பி வாயைத் திறந்து “நீங்கள் யார்?” என்று கேட்கலாம், அல்லது அவள் பாடிய ஒரு பாட்டின் அடி வரலாம். எது வந்தாலும் இதுவரை படித்த கதை கலையாது. இரண்டாவதிலோ அவள் முடிவெடுக்கவே இல்லை. எடுக்கவிடாமல் ஓர் அம்பு தடுத்துவிட்டது. யார் எய்தார்கள் என்பதற்கும் முன்னால் ஒரு குறிப்பும் கிடையாது.

ஆக, பாத்திரம் முடிவெடுத்துவிட்டதா, விளைவு மட்டும்தான் மறைந்திருக்கிறதா, அந்த விளைவை ஊகிக்க முந்தைய பக்கங்களில் ஏதாவது கிடைக்கிறதா என்று பாருங்கள். இவற்றுக்கு ஆம் என்றால், உங்களுக்குப் பிடிக்காவிட்டாலும், ஆசிரியர் தெரிந்தே நிறுத்தியிருக்கிறார். 1882 இல் ஃபிராங்க் ஸ்டாக்டன் எழுதிய ‘பெண்ணா புலியா’ கதை இதற்கு நல்ல சாட்சி. இளவரசியின் காதலன் நிற்கும் அரங்கில் இரண்டு கதவுகள். ஒன்றின் பின்னால் புலி, மற்றொன்றின் பின்னால் அவனை மணக்கக் காத்திருக்கும் இன்னொருத்தி. காதலனுக்கு இளவரசி வலப்பக்கம் சைகை காட்டுகிறாள், அவன் தயங்காமல் அந்தக் கதவைத் திறக்கிறான். அவள் தீர்மானித்துவிட்டாள், எதை என்பது மட்டும் நமக்கு விடப்படுகிறது. காதலுக்கும் பொறாமைக்கும் நடுவே அவள் தவித்த தவிப்பை ஆசிரியர் அதற்கு முன் முழுக்கக் காட்டியிருப்பதால்தான் அந்தக் கதையை இன்றும் உட்கார்ந்து விவாதிக்க முடிகிறது.

வேறு அடையாளங்கள் உண்டா?

உண்டு. கடைசிப் பத்தில் ஒரு பங்கைத் தனியாக எடுத்துப் பாருங்கள். 600 பக்க நாவலில் அது கடைசி 60 பக்கம். அதில் எத்தனை புதிய பாத்திரங்கள், புதிய இடங்கள், புதிய புதிர்கள் வருகின்றன என்று எண்ணுங்கள். முடியப்போகும் கதையில் இழைகள் ஒவ்வொன்றாகச் சேர வேண்டும். கடைசி 60 பக்கத்தில் புதிதாக இரண்டு நாடும் ஒரு வாரிசும் முளைத்தால், அந்த நூல் அடுத்த பாகத்துக்கு முன்னுரை எழுதிக்கொண்டிருக்கிறது.

முதல் அத்தியாயத்தையும் கடைசி அத்தியாயத்தையும் அடுத்தடுத்துப் படித்துப் பாருங்கள். தெரிந்தே நிறுத்திய ஆசிரியர்கள் பெரும்பாலும் தொடக்கத்தில் வந்த ஒரு பொருளை, ஒரு சொல்லை, ஓர் இடத்தைக் கடைசியில் திரும்பக் கொண்டுவருவார்கள். நேர ஓட்டமும் காட்டிக்கொடுக்கும். முன்பெல்லாம் ஒரு நாளை 40 பக்கத்துக்கு விரித்தவர் திடீரென்று ஒரு போரை ஒன்றரைப் பக்கத்தில் ஒப்பேற்றினால், அங்கே அவசரம் நடந்திருக்கிறது.

குடும்பக் கதை இப்படி முடிந்தால் இவ்வளவு கோபம் வருவதில்லை. மிகைபுனைவில் மட்டும் ஏன்?

மிகைபுனைவு வாசகரிடம் முன்பணம் வாங்கிக்கொண்டு தொடங்கும் வகை. இல்லாத ஊர்ப் பெயர்கள், அரச வம்சங்கள், மந்திரத்தின் விதிகள், நாட்காட்டி, தெய்வங்கள் எல்லாவற்றையும் வாசகர் மனப்பாடம் செய்தால்தான் கதைக்குள் நுழையவே முடியும். முதல் நூறு பக்கம் பெரும்பாலும் உழைப்புதான். அந்த உழைப்புக்கு ஈடு பிற்பாடு கிடைக்கும் என்ற நம்பிக்கையில் படிக்கிறோம். நேரக் கணக்கும் பெரியது. பக்கத்துக்கு 250 சொல் என்று வைத்தால் 600 பக்கம் 1,50,000 சொல். நிமிடத்துக்கு 150 சொல் படிப்பவருக்கு 1,000 நிமிடம், ஏறக்குறைய 17 மணி நேரம்.

இன்னொரு காரணம், இந்த வகை வெளிப்படையாகவே வாக்குக் கொடுக்கும். “மூன்றாம் நிலவு எழும்போது அரியணை எரியும்” என்று மூன்றாம் அத்தியாயத்தில் ஒரு கிழவி குறி சொன்னால், அது ஆசிரியர் எழுதிக் கையெழுத்திட்ட கடன் பத்திரம். குறி பொய்க்கலாம், தலைகீழாகப் பலிக்கலாம், நாம் நினைத்தது அதன் அர்த்தமில்லை என்று ஆகலாம். எதுவும் செய்யாமல் அதை அப்படியே விட்டுவிடுவதுதான் வாசகரை வெறுப்பேற்றும். வரைபடமும் அப்படியே. முதல் பக்கத்து வரைபடத்தில் பெரிதாகப் பெயர் போட்ட ஒரு தீவுக்குக் கதை கடைசிவரை போகவே இல்லையென்றால் அது உறுத்தும்.

படித்து வாரக்கணக்கில் ஆகியும் அந்த முடிவு மனதை அரிக்கிறதே, ஏன்?

முடியாத வேலை மனதில் தங்கும் என்பதை முதலில் சோதித்துக் காட்டியவர் உளவியலாளர் புளூமா ஸைகார்னிக். 1927 இல் வெளியான அவருடைய ஆய்வில், பாதியில் நிறுத்தப்பட்ட சின்னச் சின்ன வேலைகளைப் பங்கேற்றவர்கள் முடித்த வேலைகளைவிட நன்றாக நினைவில் வைத்திருந்தார்கள். பின்னாளில் மற்றவர்கள் செய்த எல்லாச் சோதனைகளிலும் அதே விளைவு கிடைக்கவில்லை என்பதால் இதை எல்லோருக்கும் பொதுவான விதியாகப் பிடித்துக்கொள்ளத் தேவையில்லை. ஆனால் வாரப் பத்திரிகைத் தொடர்கதைக்கு “தொடரும்” போடும் இடத்தைத் தேர்ந்த ஒவ்வொரு ஆசிரியரும் இதை அனுபவத்தில் அறிந்திருந்தார்.

ஆளுக்கு ஆள் இது மாறும். உறுதியான பதிலுக்கான தேவை ஒவ்வொருவருக்கும் எவ்வளவு என்று அளக்க டோனா வெப்ஸ்டரும் ஆரி குருக்லான்ஸ்கியும் 1994 இல் 42 கூற்றுகள் கொண்ட ஓர் அளவுகோலை வெளியிட்டார்கள். அந்தத் தேவை அதிகமுள்ளவர் தெளிவின்மையைப் பொறுக்கமாட்டார், குறைவாக உள்ளவர் அதிலேயே திளைப்பார். ஒரே முடிவை இரண்டு நண்பர்கள் இரண்டு விதமாக ஏற்பதற்கு இருவரில் ஒருவர் சரியாகப் படிக்கவில்லை என்று பொருள் கிடையாது. உங்களுக்குப் பிடித்த முடிவை ஊரே திட்டினாலும், ஊரே கொண்டாடுவது உங்களுக்கு எரிச்சலூட்டினாலும், அது வாசிப்புப் பிழை ஆகாது.

ஆசிரியர்கள் ஏன்தான் இப்படிச் செய்கிறார்கள்?

சிலர் கதையின் பொருளே பதிலின்மைதான் என்று தெரிந்து செய்கிறார்கள். நம் பக்கத்தில் இதற்கு நெடிய மரபு உண்டு. வேதாளம் சொல்லும் கதைகள் ஒவ்வொன்றும் கேள்வியில்தான் நிற்கும். விக்கிரமாதித்தன் பதில் சொல்லச் சொல்ல அது முருங்கை மரம் ஏறும். ஒரு தந்தை வேறொரு குடும்பத்து மகளையும், அவர் மகன் அந்தப் பெண்ணின் தாயையும் மணந்தால் அவர்களுக்குப் பிறக்கும் பிள்ளைகள் ஒருவருக்கொருவர் என்ன முறை என்ற கடைசிக் கேள்விக்கு மன்னனிடம் பதில் இல்லை. அவன் மௌனமாக நிற்பதால்தான் பெருங்கதை நகர்கிறது. பதில் கிடைக்காத இடம் கதையின் திருப்பமாகவே அமைந்த அழகான உதாரணம் இது.

சிலர் அளவு மிஞ்சி நிறுத்துகிறார்கள். ஸ்டீஃபன் கிங்கின் ‘டார்க் டவர்’ வரிசையில் மூன்றாம் பாகம் 1991 இல் வந்தது. தற்கொலைக்குத் துணிந்த, பேசும் ரயில் ஒன்றுக்குள் பாத்திரங்கள் சிக்கிக்கொண்டு, உயிரைப் பணயம் வைத்து அதனோடு புதிர்ப் போட்டிக்கு இறங்கும் தருணத்தில் நூல் நிற்கிறது. இது வாசகருக்குப் பிடிக்காது என்று ஆசிரியரே பின்குறிப்பில் ஒப்புக்கொண்டிருந்தார். நான்காம் பாகம் வந்தது 1997 இல்.

மற்றக் காரணங்கள் சாதாரணமானவை: வரிசை விற்காததால் அடுத்த பாகத்துக்கு ஒப்பந்தம் கிடைக்காமல் போவது, கெடு நெருங்குவது, நோய், கதை கைமீறி விரிந்துவிடுவது.

நம் மொழியில் இப்படி ஒரு வாசகர் எதிர்வினை நடந்திருக்கிறதா?

‘பொன்னியின் செல்வன்’தான். மிகைபுனைவு அல்ல, வரலாற்று நாவல். ஆனால் கேள்வி இதேதான். 1950 முதல் 1954 வரை ‘கல்கி’ இதழில் ஓடி முடிந்தபோது, கதையின் பல இழைகள் தொங்கலில் நிற்கின்றன என்று வாசகர்களுக்கு மனக்குறை. இவர்கள் என்ன ஆனார்கள், அவர்கள் என்ன ஆனார்கள் என்ற கேள்விகளுக்காகவே கல்கி ஒரு முடிவுரை எழுதிச் சேர்த்தார். பாத்திரங்களின் பின்னாள் நிலையை அதில் சுருக்கமாகச் சொன்னார். ஆதித்த கரிகாலனைக் கொன்றது யார் என்ற கேள்வியை மட்டும் நாவல் அறுதியிட்டுத் தீர்க்கவில்லை, எழுபது ஆண்டு கழித்தும் அதைப் பற்றிய பேச்சு ஓயவில்லை. முடிவுரை தீர்த்துவைத்த கேள்விகளை இன்று யாரும் விவாதிப்பதில்லை என்பதைக் கவனியுங்கள்.

மறுபடி படித்தால் புரியுமா? முழுவதும் படிக்கப் பொறுமை இல்லை.

முழுவதும் வேண்டாம், மூன்று மணி நேரம் போதும். ஒரு தாளை எடுத்து, உங்களுக்குப் பதில் கிடைக்காத கேள்விகளை எழுதுங்கள். பத்துக்கு மேல் போகாது. ஒவ்வொன்றின் பக்கத்திலும் அந்தக் கேள்வி நாவலில் முதன்முதலில் எந்தப் பக்கத்தில் எழுகிறது என்று தேடிக் குறியுங்கள். மின்னூலில் பெயரைத் தேடினாலே வந்துவிடும். இந்தக் கட்டத்திலேயே இரண்டு மூன்று கேள்விகள் அடிபட்டுவிடும்; நாவல் அவற்றைக் கேட்கவே இல்லை, நாமாகக் கேட்டுக்கொண்டோம் என்று தெரியும்.

பிறகு முதல் அத்தியாயம், நூலின் சரிபாதியில் உள்ள அத்தியாயம், கடைசி மூன்று அத்தியாயங்கள் என்ற வரிசையில் மெதுவாகப் படியுங்கள். பெரிய திருப்பம் ஒன்று பாதியில் இருப்பது இந்த வகையில் சகஜம். முடிவுக்கான திறவுகோலும் பலமுறை அங்கேதான் கிடக்கும். கடைசிப் பக்கத்தை உரக்கப் படியுங்கள். முதல்முறை படிக்கும்போது என்ன ஆகுமோ என்ற பதற்றத்தில் கண் வரிகளைத் தாண்டித் தாண்டி ஓடியிருக்கும். மாதிரிக் கதையில் “அவன் பெயரைச் சொல்லி” என்ற இரண்டு மூன்று சொல்லைத் தவறவிட்டால், இளநகை யாருடைய நினைவை ஊற்றினாள் என்பதே தெரியாமல் போய்விடும். பிற்சேர்க்கைகளையும் விட்டுவிடாதீர்கள். அரச வம்சப் பட்டியலில் ஒரு பெயருக்கு எதிரே ஓர் இறந்த ஆண்டு இருக்கிறதா இல்லையா என்பதில்கூடப் பதிலை ஒளித்துவைக்கும் ஆசிரியர்கள் உண்டு.

விமர்சனம் எழுதப்போகிறேன். முடிவு பிடிக்கவில்லை என்பதை உடைக்காமல் எப்படிச் சொல்வது?

நிகழ்வைச் சொல்லாதீர்கள், முடிவின் வகையைச் சொல்லுங்கள். “கடைசியில் தம்பி அடையாளம் கண்டானா என்றே சொல்லாமல் ஏமாற்றிவிட்டார்” என்று எழுதினால் அடுத்த வாசகரின் பதினேழு மணி நேரத்தைப் பாழாக்கிவிட்டீர்கள். “மையக் கேள்விக்குப் பதில் உண்டு; அதன் விளைவு திறந்தே விடப்படுகிறது. அடுத்த பாகம் அறிவிக்கப்படவில்லை” என்று எழுதினால், எதுவும் உடையாமல் அவருக்கு வேண்டிய தகவல் முழுவதும் போய்ச் சேர்கிறது. உடைத்துத்தான் பேச வேண்டுமென்றால் எச்சரிக்கையை முதல் வரியிலேயே போடுங்கள், மூன்றாம் பத்தியில் போட்டால் பயனில்லை. தலைப்பிலும் உடைக்காதீர்கள். “அதிர்ச்சி முடிவு” என்ற சொல்லே ஒருவகை ஸ்பாய்லர்தான்; அதைப் படித்தவர் கடைசி நூறு பக்கத்தையும் அதிர்ச்சிக்காகக் காத்துக்கொண்டே படிப்பார்.

மதிப்பெண்ணில் நியாயமாக இருங்கள். புத்தகத்தை மூடிய இரவில் போடும் ஒற்றை நட்சத்திரம் 590 பக்க உழைப்பையும் சேர்த்து அடிக்கிறது. மூன்று நாள் பொறுத்து எழுதுங்கள். முடிவு கெட்டதால் முன்னால் வந்ததும் கெட்டுவிட்டதா, அல்லது முன்னால் வந்தது நன்றாகவே நிற்கிறதா என்று தனியாக எழுதுங்கள். குறி சொன்னதைக் கைவிட்ட நாவலில் முன்பகுதியும் சேர்ந்தே கெடும். பயணமே உயிராக இருந்த நாவலில் அவ்வளவு கெடாது.

அடுத்த பாகம் எப்போது என்று ஆசிரியரைக் கேட்கலாமா?

ஒருமுறை, மரியாதையாக, கேட்கலாம். அதற்கு முன் அவருடைய தளத்தில் ஏற்கெனவே சொல்லியிருக்கிறாரா என்று பார்த்துவிடுங்கள். ஒவ்வொரு பதிவின் அடியிலும் போய் அதையே கேட்பது, வேறு எதை எழுதினாலும் “முதலில் அதை முடியுங்கள்” என்பது, உடல்நலத்தையும் வயதையும் கணக்குப் போடுவது ஆகியவை எழுத்தை ஒருநாளும் விரைவுபடுத்தியதில்லை. முடிவு பிடிக்காததைக் காரணத்தோடு எழுதிய ஒரு கடிதம் வேறு. அதை ஆசிரியர்கள் மதித்துப் படிக்கிறார்கள் என்பதற்குக் கல்கியின் முடிவுரையே சான்று.

ஆசிரியர் மறைந்துவிட்டால் கதை அவ்வளவுதானா?

அவர் விட்டுச்சென்ற குறிப்புகளையும் குடும்பத்தின் விருப்பத்தையும் பொறுத்தது. ‘வீல் ஆஃப் டைம்’ வரிசையின் ஆசிரியர் ராபர்ட் ஜோர்டன் 2007 செப்டம்பரில் மறைந்தார். நோயோடு இருந்தபோதே விரிவான குறிப்புகளையும் சொல்லிப் பதிவுசெய்த காட்சிகளையும் விட்டுச்சென்றார். வரிசையின் எடிட்டராகவும் இருந்த அவருடைய மனைவி, முடிக்கும் பொறுப்பைப் பிராண்டன் சாண்டர்சனிடம் கொடுத்தார். ஒரே நூலாக நினைத்த முடிவு மூன்று நூலாகி 2009, 2010, 2013 ஆண்டுகளில் வந்தது. நடை மாறிய இடங்கள் வாசகருக்குத் தெரியத்தான் செய்தன. ஆனாலும் பதினான்கு பாகக் கதை கரை சேர்ந்தது. குறிப்பு எதுவும் இல்லாமல் பிறர் எழுதும் தொடர்ச்சியை வேறொருவரின் நாவலாகவே படியுங்கள்.

முடிவைப் பற்றி ஒரு கோட்பாடு வைத்திருக்கிறேன். அது தேறுமா என்று எப்படிப் பார்ப்பது?

உங்கள் ஊகத்துக்கு ஆதரவான வரிகளை எல்லோரும் எடுப்பார்கள். அதற்கு எதிரான வரிகளைத் தேடுங்கள். குறைந்தது மூன்று இடமாவது கிடைக்கும். அவற்றை விளக்க முடியவில்லையென்றால் ஊகம் நிற்காது. அடுத்து, நாவலில் இல்லாத புதிய விதி எதையாவது நீங்கள் சேர்க்க வேண்டியிருக்கிறதா என்று பாருங்கள். “தாலாட்டு மறக்காது, ஆகவே தம்பிக்குப் பாட்டு நினைவிருக்கும்” என்பது நூலுக்குள் நிற்கும் ஊகம். “இளநகைக்கு ஓர் இரட்டைச் சகோதரி இருந்திருக்கலாம்” என்பது வேறு கதை. அதையும் ரசிகர் புனைவாக எழுதலாம், தாராளமாக எழுதுங்கள். ஆசிரியர் சொல்ல வந்தது இதுதான் என்று மட்டும் சாதிக்காதீர்கள்.

இனி இப்படி மாட்டிக்கொள்ளாமல் இருக்க, வாங்கும் முன் என்ன பார்க்க வேண்டும்?

அட்டையிலும் பதிப்புரிமைப் பக்கத்திலும் “முதல் பாகம்”, “முதல் நூல்” என்று இருக்கிறதா என்று பாருங்கள். சில பதிப்புகள் இதை அட்டையில் போடாமல் உள்ளே சிறிய எழுத்தில் போடும். வரிசை என்றால், எத்தனை பாகம் திட்டமிட்டது, எத்தனை வந்துவிட்டது, கடைசியாக வந்தது எந்த ஆண்டு என்ற மூன்று தகவலும் வேண்டும். இரண்டு பாகங்களுக்கு இடையே வழக்கமாக இரண்டு ஆண்டு எடுத்தவர் இப்போது எட்டு ஆண்டாக ஒன்றும் வெளியிடவில்லையென்றால், அதைத் தெரிந்தே தொடங்குங்கள். விமர்சனங்களில் மூன்று நட்சத்திரம் கொடுத்தவற்றை முதலில் படியுங்கள். ஐந்து நட்சத்திரமும் ஒற்றை நட்சத்திரமும் உணர்ச்சியைச் சொல்லும், மூன்று நட்சத்திரம் போட்டவர்தான் முடிவின் வகையைப் பொறுமையாக எழுதியிருப்பார்.

முற்றுப்பெறாத வரிசையைத் தொடவே கூடாது என்று சிலர் விரதம் இருக்கிறார்கள். அதை நாங்கள் பரிந்துரைப்பதில்லை. முதல் பாகம் விற்காவிட்டால் பல வரிசைகளுக்கு இரண்டாம் பாகமே வராது. எல்லோரும் காத்திருந்தால் காத்திருந்த காரணமே உண்மையாகிவிடும். தனக்கென்று ஒரு முழுமை உள்ள முதல் பாகமா என்று மட்டும் கேட்டுத் தெரிந்துகொண்டு வாங்குங்கள்.

நண்பருக்குப் பரிந்துரைக்கும்போது முடிவைப் பற்றி எச்சரிக்க வேண்டுமா?

வேண்டும், ஒரே வாக்கியத்தில். “இது இரண்டு பாகம், முதலாவது பாதியில் நிற்கும், இரண்டையும் சேர்த்தே எடுத்துவிடு” என்றால் போதும். தனி நாவல் என்றால், “கடைசிப் பக்கத்தில் எல்லாம் தெரிந்துவிடாது, தெரிந்துகொள்ள 14 ஆம் அத்தியாயத்தைக் கவனமாகப் படி” என்று சொல்லத் தோன்றும். அந்த வாக்கியத்தின் முதல் பாதியோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அத்தியாய எண்ணைச் சொல்லிவிட்டால் அந்தத் தாலாட்டு அவர் காதில் தானாக விழாது.